விர்ச்சுவல் மெஷினுக்கு டிஸ்க் கொடுப்பது எப்படி?



"டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகப் போகிறோம், நமக்கு எதற்கப்பா விர்ச்சுவல் மெஷின்?" என்று எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது 2010-ல். அந்தக் காலத்து மெஷின் ஒன்று எந்தப் பட்டறையில் இருந்தாலும், அதன் பி.எல்.சி.க்கு புரோகிராம் ஏற்றும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 7-க்காக எழுதப்பட்டது. எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலும், 7-க்கு 2020 ஜனவரியிலும் நின்றுபோயின. மெஷின் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த மென்பொருளை ஓட்ட லேப்டாப்தான் கிடைப்பதில்லை. பழைய விண்டோஸை ஒரு வி.எம்.முக்குள் உட்கார வைப்பதுதான் வழி. அப்படிச் செய்தால் அந்த மெஷினின் லேடர் புரோகிராம் முழுவதும் ஒரே ஒரு ஃபைலுக்குள் அடங்கிவிடும். அந்த ஃபைல் கெட்டால் கதை கந்தல்!

நான் சொல்லப்போவது கியூ.இ.எம்.யு. பற்றி. பிரான்ஸைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்டது. 2007-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த கே.வி.எம்.முடன் சேர்த்து ஓட்டினால் வேகம் நன்றாக இருக்கும். இரண்டும் இலவசம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். அளவைக் குறிக்கும் ஜி மட்டும் பெரிய எழுத்து.

முதலில் டிஸ்க் செய்ய வேண்டும்:

கியூஇஎம்யு-இமேஜ் கிரியேட் -எஃப் கியூகவ்2 லைன்.கியூகவ்2 40ஜி

40 ஜி.பி. என்று சொன்னாலும் ஃபைல் முதலில் சில நூறு கே.பி.தான் இருக்கும். எழுத எழுத வளரும். வசதிதான், ஆனால் நிஜ டிஸ்க் நிரம்பிவிட்டால் வி.எம். அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், இடம் ஒதுக்கிக் கொடுத்து, மானிட்டரில் 'கான்ட்' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இனி அந்த டிஸ்க்கை மாட்டும் வரி. நான் சிபாரிசு செய்வது இது:

-டிரைவ் ஃபைல்=லைன்.கியூகவ்2,ஃபார்மேட்=கியூகவ்2,இஃப்=விர்ட்ஐஓ,கேஷ்=நன்,ஏஐஓ=நேட்டிவ்

ஃபார்மேட்டை எழுதாமல் விட்டால் அதுவே ஊகித்துக்கொள்ளும். ஊகிக்க விடாதீர்கள்.

உயிர்நாடி கேஷ்தான். ஒரகடம் கம்பெனி கேட்டில் லோடு லாரி வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி சீல் போட்டு டிரைவரை அனுப்பிவிடுகிறார். சரக்கு இன்னும் ஸ்டோர்ஸுக்குப் போகவில்லை, கேட்டிலேயே கிடக்கிறது. இதுதான் 'ரைட்பேக்', நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பதும் இதுவே. கேட் என்பது நிஜ கம்ப்யூட்டரின் ராம். உள்ளே இருக்கும் விண்டோஸோ லினக்ஸோ முக்கியமான நேரத்தில் 'ஃப்ளஷ்' என்று ஒரு உத்தரவு அனுப்பும். "சரக்கை ரேக்கில் ஏற்றிவிட்டுப் பிறகு ரசீது கொடு" என்று அதற்குப் பொருள். ரைட்பேக் அந்த உத்தரவை மதிக்கும். ஆகவே கரண்ட் போனாலும் ஃப்ளஷ் முடிந்த வரைக்கும் பத்திரம்.

'நன்' என்றால் நிஜ கம்ப்யூட்டரின் ராமில் தங்காமல் சரக்கு நேரே டிஸ்க்குக்குப் போகும். உள்ளே ஒரு ராம், வெளியே ஒரு ராம் என்று ஒரே விஷயத்தை இரண்டு தரம் சேமிப்பது மிச்சம். 4 ஜி.பி., 8 ஜி.பி. லேப்டாப் வைத்திருக்கும் நமக்கு இது லாபம். ஆனால் 'நன்' போட்டால் ஃப்ளஷ் தேவையில்லை என்று நினைப்பது தவறு. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சிறு கேஷ் உண்டு. 'ஏஐஓ=நேட்டிவ்' இந்த 'நன்' மாதிரி நேரடி வழியோடுதான் சேரும்; ரைட்பேக்கோடு போட்டால் ஓட மறுத்துவிடும். 2020-க்குப் பிந்தைய பதிப்புகளில் 'ஐஓ_யூரிங்' என்று இன்னொன்றும் இருக்கிறது, முயன்று பாருங்கள்.

யாராவது ஒருத்தர் வந்து, "கேஷ்=அன்சேஃப் போடு மச்சி, ராக்கெட் மாதிரி பறக்கும்" என்பார். பறக்கும், உண்மை. ஏனென்றால் அது ஃப்ளஷ் உத்தரவைக் காதிலேயே வாங்காது. சரக்கு கேட்டில் கிடக்க, ரேக்கில் ஏற்றியாச்சு என்று ரசீது கொடுத்துவிடும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது நம் பக்கத்தில் கரண்ட் எப்படிப் போனது, எத்தனை நாள் கழித்து வந்தது என்று வீட்டில் கேளுங்கள். அப்படி ஒரு நொடியில் போனால் அன்சேஃப் டிஸ்க்கில் கடைசி சில வரிகள் மட்டுமல்ல, உள்ளிருக்கும் ஃபைல் சிஸ்டமே சிதைந்து போகலாம். விண்டோஸை இன்ஸ்டால் செய்யும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டுமானால் போடலாம். கெட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். புரோகிராம் உள்ளே வந்த பிறகு கூடவே கூடாது. டாஸ் மாதிரி ஃப்ளஷ் அனுப்பவே தெரியாத கிழவர்களுக்கு 'ரைட்த்ரூ' கொடுங்கள். மெதுவாகப் போகும், போகட்டுமே.

'இஃப்=விர்ட்ஐஓ' பற்றி ஒரு எச்சரிக்கை. லினக்ஸுக்கு இது அருமை. எக்ஸ்பி, 7 இரண்டுக்கும் இதன் டிரைவர் கூடவே வராது. ஐ.டி.இ.யில் ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பி-யை டிரைவர் போடாமல் விர்ட்ஐஓ-வுக்கு மாற்றினால் நீலத் திரையில் 7பி என்ற எண்தான் தரிசனம் தரும். பி.எல்.சி. மென்பொருளுக்குப் பெரிய டிஸ்க் வேகம் தேவையே இல்லை. 'இஃப்=ஐடிஇ' போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

லேபில் முப்பது பேருக்கு முப்பது முழு டிஸ்க் செய்ய வேண்டாம். ஒரு மூல இமேஜ் வைத்து, ஆளுக்கொரு மேல் ஃபைல் போதும்:

கியூஇஎம்யு-இமேஜ் கிரியேட் -எஃப் கியூகவ்2 -பி மூலம்.கியூகவ்2 -எஃப் கியூகவ்2 எனது.கியூகவ்2

இதில் முதல் எஃப் சின்னது, இரண்டாவது எஃப் பெரியது. 2021-ல் வந்த 6.1 பதிப்பிலிருந்து பெரிய எஃப் கட்டாயம். மூல இமேஜை 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடுங்கள். யாராவது அதைத் திறந்து எழுதிவிட்டால் முப்பது பேர் டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். வெறுமனே நோண்டிப் பார்க்க ஆசையா? கட்டளையின் கடைசியில் '-ஸ்னாப்ஷாட்' சேருங்கள். உள்ளே என்ன அழித்தாலும் மூடியதும் பழையபடி ஆகிவிடும்.

பேக்கப் எடுக்கும்போது வி.எம்.மை ஷட் டவுன் செய்யுங்கள். 2017-ல் வந்த 2.10 பதிப்பு முதல், ஓடும் இமேஜை கியூஇஎம்யு-இமேஜ் கொண்டு மாற்ற முயன்றால் பூட்டு தடுக்கும். ஆனால் சாதாரண காப்பியை அது தடுக்காது. ஓடும்போது எடுத்த காப்பி பாதி பழசு, பாதி புதுசாக இருக்கும். காப்பி எடுத்ததும் 'கியூஇஎம்யு-இமேஜ் செக்' ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பென் டிரைவ் ஃபேட்32-ல் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. முன்கூட்டியே எக்ஸ்ஃபேட் ஆக்கி எடுத்துப் போங்கள்.