கார் ஏன் உதறுகிறது?

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

செங்கற்பட்டிலிருந்து மறைமலை நகர் செல்லும் நெடுஞ்சாலையில் மாலை வேளையில் வாகனங்கள் ஊர்ந்து செல்வதை நாம் நாளும் காண்கிறோம். அவற்றுள் கிளட்ச் மிதி இல்லாத தானியங்கிக் கியர் கார்களும் உண்டு. ஓட்டுபவரின் இடக்காலுக்கு ஓய்வு தரும் இக்கார்கள், சில வேளைகளில் கியர் மாறும்போது வெடுக்கென இழுக்கின்றன. அல்லது குளிரில் நடுங்குபவன்போல் உதறுகின்றன. உடனே "உமக்கு ஓட்டத் தெரியவில்லை" என்பார் சிலர்; "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்பார் வேறு சிலர். இவ்விரண்டுக்கும் முன்பு செய்ய வேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வகை

முதல் வகை டார்க் கன்வர்ட்டர். எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயைத் தள்ள, அவ்வெண்ணெய் எதிர் விசிறியைச் சுழற்றுகிறது. கியரை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே.

இரண்டாவது ஏ.எம்.டி. சாதாரணக் கியர்ப் பெட்டியில் நம் காலும் கையும் செய்யும் வேலையை இயந்திரம் செய்கிறது. மாறும் கணத்தில் விசை அறுபடுவதால் சிறு தலையாட்டம் இதற்கு இயல்பு, அது பழுதன்று.

மூன்றாவது இரட்டைக் கிளட்ச். ஒன்று 1, 3, 5 ஆம் கியர்களையும் மற்றது 2, 4, 6 ஆம் கியர்களையும் இயக்கும்.

நம் ஊர்ச் சான்று

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2013 முதல் 2022 வரை உருவான ஈகோஸ்போர்ட் காரின் தானியங்கி வகையில், முதலில் இருந்தது 'பவர்ஷிஃப்ட்' எனும் உலர் இரட்டைக் கிளட்ச். சைக்கிள் பிரேக் கட்டையில் எண்ணெய் பட்டால் என்னவாகும்? அவ்வாறே ஆயில் சீல் கசிந்து உலர் கிளட்ச்சில் எண்ணெய் பட்டால், அது பிடித்தும் வழுக்கியும் உதறும். ஊர்ந்து செல்கையில் கிளட்ச் பாதிப் பிடிப்பிலேயே இருப்பதால் சூடும் ஏறும்.

ஆஸ்திரேலியாவில் இப்பெட்டி கொண்ட ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் உதறியபோது, ஓட்டும் முறையே காரணம் என்று உரிமையாளர்களிடம் கூறப்பட்டது. இப்புகார்களைக் கையாண்ட விதத்திற்காக, 2018 இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அங்குள்ள ஃபோர்டு நிறுவனத்திற்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. இந்தியாவில் 2017 இறுதியில் வந்த புதிய ஈகோஸ்போர்ட்டில் டார்க் கன்வர்ட்டர் இடம்பெற்றது.

ஆராயும் முறை

1. எந்தக் கியரில், எந்த வேகத்தில், எஞ்சின் சூடான பின்பா முன்பா எனக் குறித்து வைக்கவும். ஊர்கையில் உதறும் கார், மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் சீராக ஓடும். அங்கே ஓட்டிப் பார்த்துப் பழுதில்லை என்பது தவறு. மெக்கானிக்கை நெரிசலிலும் உடன் அழைத்துச் செல்க.

2. டார்க் கன்வர்ட்டராயின் எண்ணெயைப் பார்க்கவும். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் உள்ளே தகடுகள் சூடேறியுள்ளன என்று பொருள். உற்பத்தியாளர் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

3. காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கச் செய்க. எஞ்சின் சரியாக எரியாமல் திணறினாலும், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்தாலும் கியர்ப் பழுதுபோலவே தோன்றும்.

4. கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்கும் முறை சில கார்களில் உண்டு. அதனால் தீராவிடில் கசிவையும் கிளட்ச்சையும் காண்க. பெட்டியைப் பிரிப்பது கடைசி வேலை.

முடிவுரை

காரணம் காணாமல் மாற்றிய உறுப்பு வீண் செலவு. காரணம் காணாமல் ஓட்டுபவர்மேல் சுமத்திய பழி அநீதி. ஆய்வுக்கூடத்தில் நாம் பழகும் உற்று நோக்கலும் குறித்து வைத்தலும் பணிமனையிலும் பயன்படும் என்பதை நண்பர்கள் நினைவில் கொள்வார்களாக.