குடத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதுமா?



நம் வீட்டில் ரத்தம் குடிக்கிற பூச்சி எதுவெல்லாம் என்று குழுக் கூட்டத்தில் கேட்டால் பேன், மூட்டைப்பூச்சி, கொசு என்று உடனே பதில் வரும். மூன்றும் ரத்தம்தான் குடிக்கின்றன. ஆனால் மூட்டைப்பூச்சி நம் தூக்கத்தைக் கெடுக்குமே தவிர, கடித்து நோயைப் பரப்புவதாகத் தெரியவில்லை. கொசு அப்படி இல்லை. அதிலும் காலில் வெள்ளை வெள்ளையாக வளையம் போட்ட சின்னக் கறுப்புக் கொசுவைப் பற்றி நாம் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏடிஸ் கொசு என்று அதற்குப் பெயர். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது அதுதான்.

சிக்குன்குனியாவை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2006-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் முட்டு வலி பல மாதம் விடாமல் படுத்தியது. தான்சானியா நாட்டு மக்கள் பேசும் ஒரு மொழியில் அந்தப் பெயருக்கே ‘வளைந்து போவது’ என்றுதான் அர்த்தமாம். அனுபவித்தவர்களுக்குப் பொருத்தம் புரியும்.

2012-ல் டெங்கு வந்தது. அப்போது அதிகமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று கடையநல்லூர். நமக்கு ஒன்றும் தூரமில்லை, தென்காசி ரோட்டில் சிவகிரி, புளியங்குடி தாண்டினால் கடையநல்லூர். அந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசு கணக்கு. 2017-ல் 23,000-ஐத் தாண்டியது, 65 பேர் இறந்தார்கள்.

இந்தக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. இதைப் பல பேர் நம்புவதே இல்லை. நாம் குடிப்பதற்கும் புழங்குவதற்கும் பிடித்து வைக்கிற நல்ல தண்ணிதான் அதற்கு வேண்டும். குடிதண்ணி தினமும் வராத தெருவில் குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி என்று சேர்த்து வைக்காமல் நாம் குடும்பம் நடத்த முடியாது. தண்ணியைச் சேர்க்காதே என்று யாராவது சொன்னால், அவர் வீட்டில் தண்ணி பிடிப்பவர் வேறு யாரோ என்றுதான் அர்த்தம். நாம் தண்ணி வைத்திருக்கத்தான் போகிறோம். அதில் கொசு குடியேறாமல் பார்த்துக்கொள்வதற்கு அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தத்தில் உள்ள சத்து தேவை. ஆண் கொசு பூந்தேன், செடிச் சாறு குடித்துவிட்டுப் போய்விடும். ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையில் விடிந்து கொஞ்ச நேரம் கழித்தும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் கடி அதிகம். கணுக்கால், முழங்கை என்று நம் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காரும். லேசாக அசைந்தால் எழுந்து அடுத்த ஆளிடம் போகும். ஒரு வயிறு நிரம்புவதற்குள் நாலு பேரைக் கடித்துவிடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் காய்ச்சல் விழுவது இதனால்தான். மற்ற நேரம் கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணியில், கதவுக்குப் பின்னால் இருட்டாகப் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் பறக்காது. அதாவது நம்மைக் கடிக்கிற கொசு நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

ராத்திரி மட்டும் கொசுவலை கட்டினால் இதற்குப் பயனில்லை. பகலில் தொட்டிலில் தூங்குகிற பிள்ளைக்கும் வலை போட வேண்டும்.

இப்போது முட்டைக்கு வருவோம். நாம் கோட்டை விடுகிற இடம் இது. ஏடிஸ் தண்ணிக்குள் முட்டை போடுவதில்லை. தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை போடும். அதையும் ஒரே இடத்தில் போடாது, பணத்தை நாலு இடத்தில் பிரித்துப் போட்டு வைக்கிற மாதிரி குடத்தில் கொஞ்சம், டிரம்மில் கொஞ்சம், கொல்லையில் கிடக்கும் சிரட்டையில் கொஞ்சம். கறுப்பாக, பொடிப்பொடியாக இருப்பதால் அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

பாத்திரம் காய்ந்து போனாலும் அந்த முட்டை சாகாது. மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். மறுபடி தண்ணி ஊற்றி மட்டம் ஏறியதும் பொரிந்துவிடும். ஏழிலிருந்து பத்து நாளில் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறந்துவிடும். கோடையில் சும்மா காய்ந்து கிடந்த தொட்டியில் முதல் மழைக்கு எப்படி இவ்வளவு கொசு என்று ஆச்சரியப்படுகிறோமே, காரணம் இதுதான்.

ஆகவே பழைய தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணி பிடித்தால் புழு போகும், முட்டை போகாது. வாரம் ஒரு நாள் உள்சுவரைத் தேங்காய் நார் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். குறிப்பாகத் தண்ணிக் கோடு விழும் இடத்தையும் வாய் விளிம்பையும் விடாதீர்கள். தேய்க்கும்போது பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் போட்டுத் தேய்த்து, பிறகு நன்றாக அலசிவிடுங்கள். கழுவிய தண்ணியை வெயில் படுகிற காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். குழுக் கூட்டம் நடக்கிற கிழமையையே தேய்க்கிற நாளாகவும் வைத்துக்கொண்டால் மறக்காது. வாரம் தவறினால் ஒரு தலைமுறை கொசு வெளியே போய்விடும். காலி செய்யவே முடியாத பெரிய தொட்டியை ஓட்டை இல்லாத மூடியோ, வாயைச் சுற்றிக் கட்டிய துணியோ போட்டு மூட வேண்டும். புழு ஒழிப்புப் பணியாளர் வந்து அபேட் மருந்து ஊற்றினால் தடுக்காதீர்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கோழிக்குத் தண்ணி வைக்கும் சட்டி, ஆட்டுரல் குழி, பழைய டயர் இதையெல்லாம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிகிற புழு வெளிச்சம் பட்டதும் அடியில் ஓடும்.

இப்படிப் பூச்சி இருக்கும் இடம் பார்த்து அடித்தவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. பிரேசில் நாட்டில் மண் சுவர் விரிசலில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து முகத்தில் கடித்து ரத்தம் குடிக்கிற ஒரு பூச்சி உண்டு. நோய்க்கிருமி அதன் கழிவில் இருக்கும். தூக்கத்தில் சொறியும்போது கழிவு புண்ணுக்குள் போய், பல வருஷம் கழித்து இதயத்தைக் கெடுக்கும். கார்லோஸ் சாகஸ் என்ற டாக்டர் 1909-ல் கண்டுபிடித்ததால் அது சாகஸ் நோய். நம் ஊரில் அது பரவவில்லை, பயம் வேண்டாம். அங்கே வீடு வீடாக மருந்து அடித்தார்கள், சுவர் விரிசலைப் பூசி வீட்டைச் சீர்படுத்தினார்கள். அந்தப் பூச்சியில் முக்கியமான ஒரு வகை மூலம் நோய் பரவுவது நின்றுவிட்டது என்று 2006-ல் அறிவிக்கப்பட்டது.

காய்ச்சல் வந்தே விட்டால் ஒரு விஷயம். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் போதும். கஞ்சி, இளநீர், உப்புக் கரைசல் என்று விடாமல் குடிக்கக் கொடுங்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான். சரியாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்புகிற அந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை சோர்ந்து விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.