மூக்கு நிமிர்ந்தால் டயருக்கு இடம் கிடைக்குமா?

ஷோரூமிலிருந்து புதிதாக இறக்கிய பிக்கப் ட்ரக்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் குனிந்தும் பின்பக்கம் தூக்கலாகவும் இருக்கும். வண்டிக்கு வண்டி இது மாறும். 1 அங்குலமும் உண்டு, இரண்டரையும் உண்டு. பின்தொட்டியில் சரக்கு ஏற்றினாலோ ட்ரெய்லரை மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும், அப்போது வண்டி மட்டத்துக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அப்படி விடுகிறது. ஆனால் மளிகைப் பையைத் தாண்டி எதையும் சுமக்காத பிக்கப்புகள் அமெரிக்காவில் ஏராளம். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அந்தக் குனிவு கண்ணை உறுத்துகிறது. முன்பக்கத்தை உயர்த்தி மட்டமாக்கும் லெவலிங் கிட் வியாபாரம் அந்த உறுத்தலில்தான் நடக்கிறது.

கிட் வாங்க வருகிறவர் பெரும்பாலும் இரண்டு ஆசைகளை ஒன்றாக முடிந்துகொண்டு வருகிறார். மூக்கு நிமிர வேண்டும், பெரிய டயரும் போட வேண்டும். முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக முடிந்துவிடும் என்று கடைக்காரரும் சொல்வார். அது பாதி உண்மைதான்.

வண்டி நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் தெரிகிற இடைவெளி கிட் போட்டதும் கூடும். ஆனால் டயர் உரசுவது வண்டி நிற்கும்போது இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு ஒரு மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே போகும், உரசுவது அங்கேதான். அந்த உச்சத்தில் சக்கரம் போய் நிற்கிற இடம் பல கிட்டுகளில் பழைய இடமேதான். ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைத்த வண்டியில் மட்டும் (அது என்னவென்று பின்னால் வரும்) சக்கரம் கொஞ்சம் முன்னதாக நின்றுவிடலாம். அதற்கு விலையாக, பெரிய பள்ளத்தில் விழும்போது ஷாக் முழுக்க அமுங்கி 'டம்' என்று இடிக்கலாம். அதனால் கிட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் டயரையும் ரிம்மையும் முடிவு செய்வதுதான் முறை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டயர் கணக்கு எளிது. ஃபோர்டு எஃப்-150இல் பரவலாக வருகிற 275/65ஆர்18ஐ எடுத்துக்கொள்வோம். அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 179 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 18 அங்குல ரிம். மொத்த விட்டம் சுமார் 815 மி.மீ., அதாவது 32 அங்குலம். அதே அகலத்தில் 275/70ஆர்18 போட்டால் 842 மி.மீ., 33 அங்குலத்துக்குச் சற்று மேல். விட்டத்தில் கூடிய 27 மி.மீட்டரில் பாதிதான் வண்டியை உயர்த்தும். மறுபாதி மேலே ஃபெண்டரை நோக்கிப் போகும். முன்னால் பம்பரை நோக்கியும் பின்னால் கேபினை நோக்கியும் அதே அளவு நீளும். ஸ்பீடாமீட்டரும் ஏமாற்றும்: மாற்றி அமைக்காவிட்டால் 60 மைல் என்று காட்டும்போது உண்மையில் 62இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

விட்டத்தைவிட ரிம் செய்கிற கோளாறு பெரிது. கம்பெனி ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது) +44 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டு, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று 9 அங்குல அகலமும் +18 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை வாங்குகிறார் ஒருவர். ஆஃப்செட் குறைந்ததால் சக்கரம் 26 மி.மீ. வெளியே தள்ளும். அகலம் கூடியதில் பக்கத்துக்கு 19 மி.மீ. ஆக வெளிவிளிம்பு 45 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் 7 மி.மீ. கூடுதல் இடம் கிடைத்தது, சரி. ஆனால் வெளியே தள்ளிய டயர், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பெரிய வட்டமாக வீசுகிறது. முன்னால் பம்பரின் ஓரமும், பின்னால் கேபினின் கீழ் மூலையும்தான் அதற்கு முதலில் அகப்படும். கம்பெனி ரிம்மில் சத்தமே இல்லாமல் ஓடிய அதே 33 அங்குல டயர், இந்த ரிம்மில் வீட்டு வாசலிலேயே உரசும். பழைய ரிம்மையே வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றுகிறவருக்குத் தலைவலி பாதி. அப்போது பார்க்க வேண்டியது உள்பக்கம்: டயரின் தோளுக்கும் அப்பர் ஆர்முக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று.

எங்கே உரசுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பழைய டயர் இருக்கும்போதே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, மிகக் குறுகலான இடங்களில் எத்தனை மி.மீ. இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மேலே போட்ட கணக்கைக் கழித்தால் கடைக்காரர் வாக்குறுதி எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும். ஃபெண்டருக்குள் இருக்கிற பிளாஸ்டிக் லைனர் மட்டும் தட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை; ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்குத் தள்ளலாம். மட்ஃபிளாப்பைக் கழற்றலாம். இரும்பு தட்டினால் விஷயம் வேறு. டொயோட்டா டகோமாவில் 285/70ஆர்17 போடுகிறவர்கள் பலர் கேபின் சட்டத்தில் உட்காரும் மவுன்ட்டின் மூலையை வெட்டி, திரும்ப வெல்டிங் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல வெல்டர் கையில் அது செய்யக்கூடிய வேலை.

எஃப்-150இல் வெட்டுகிற இரும்பு அப்படியல்ல. 2015இல் புதிய எஃப்-150 வந்தபோது, மோதல் சோதனைகள் நடத்தும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு அதை முன்மூலையில் மட்டும் மோதும் சோதனைக்கு உட்படுத்தியது. நான்கு கதவு சூப்பர்க்ரூ நன்றாகத் தேறியது, கேபின் சிறிய சூப்பர்கேப் தேறவில்லை. சூப்பர்க்ரூவில் முன்சக்கரத்தை ஒட்டிச் சட்டத்தில் பொருத்தியிருந்த தடுப்பு இரும்பு சூப்பர்கேபில் இல்லை என்பது பெரிய காரணம். அடுத்த ஆண்டு ஃபோர்டு அதற்கும் பொருத்தியது. இன்று 35 அங்குல டயர் ஆசையில் பலர் கிரைண்டரை எடுத்து முதலில் அறுத்துத் தள்ளுவது அந்த இரும்பைத்தான். மோதலில் சக்கரம் கேபினுக்குள் நெருக்கிக்கொண்டு வராமல் காப்பதற்கு வைத்த பொருளை, டயர் உரசுகிறது என்று வெட்டுவது எனக்கு ஒப்பாது. அந்த நிலை வந்தால் டயரை ஒரு அளவு குறையுங்கள்.

டயர் முடிவானபின் கிட்டுக்கு வருவோம். எஃப்-150, இன்றைய சில்வராடோ 1500, டகோமா எல்லாவற்றிலும் முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த ஸ்ட்ரட்தான். அதை உயர்த்தும் வழிகளில் மிக மலிவானது ஸ்ட்ரட்டின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைக்கிற வேலை. ஸ்பேசரைக் கையில் வாங்கியதும் "என்ன, 2 அங்குல கிட் என்றார்கள், 1 அங்குலம்தானே இருக்கிறது?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்ட்ரட் லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், மேலே வைக்கும் 1 அங்குலம் சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலமாகிறது. இதில் ஸ்பிரிங்கைக் கழற்றவே வேண்டாம். சாதாரண ரோட்டில் சவாரி நயம் கம்பெனி விட்டபடியே இருக்கும். கோளாறு வேறு இடத்தில் வரும். சக்கரம் தொங்கும்போது முன்பைவிடக் கீழே இறங்குகிறது. பால் ஜாயின்ட்டும் சிவி ஜாயின்ட்டும் தாங்கும் கோணத்தின் விளிம்புக்குப் போகின்றன. சில வண்டிகளில் அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கையே போய்த் தொடும். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 2 அங்குலம் வரை இது போதும். மண்பாதையில் சக்கரம் தொங்கத் தொங்க ஓட்டுகிறவருக்கு வேண்டாம்.

இரண்டாவது வகை ஸ்பேசர் ஸ்பிரிங்குக்கு மேலே, ஸ்ட்ரட்டுக்கு உள்ளேயே உட்காரும். ஸ்ட்ரட் முழுதாக நீளும் அளவு மாறாது. அதனால் ஜாயின்ட்டுகள் பிழைக்கும். ஆனால் ஷாக் எப்போதும் முன்பைவிட நீண்ட நிலையிலேயே நிற்பதால் கீழே இறங்க இடம் குறைந்து, வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கலாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைக் கழற்றுகிற வேலையும் உண்டு. கம்ப்ரஸர் நழுவினால் கையும் போகும், முகமும் போகும். வீட்டுக் கராஜில் துணிந்து செய்ய வேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: உயரத்தை மாற்றி வைக்கும் வசதியுள்ள ஷாக். பில்ஸ்டீன் 5100 இந்த வகையில் பேர்போனது. ஷாக்கின் உடம்பில் சில பள்ளங்கள் வெட்டியிருக்கும். எந்தப் பள்ளத்தில் வளையத்தை மாட்டுகிறோமோ அந்த உயரத்தில் ஸ்பிரிங் உட்காரும். கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் பயன்படுத்தலாம். உயர்த்தும் தத்துவம் இரண்டாவது வகை ஸ்பேசருடையதுதான், ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் அபாயமும் அதேதான். ஆனால் ஓடித் தேய்ந்த ஷாக்குக்குப் பதில் புது ஷாக் கிடைக்கிறது. கூடுதல் எடையுள்ள டயரை அடக்கவும் அது உதவும். கம்பெனி ஷாக் ஏற்கனவே அறுபது, எழுபதாயிரம் மைல் ஓடியிருந்தால் அதன் தலையில் ஸ்பேசர் வைத்துக் காசைக் கரைப்பதில் அர்த்தமில்லை. இதற்கும் மேலே தனி ஸ்பிரிங்கோடு வரும் பெரிய காயில்ஓவர்கள் இருக்கின்றன. பில்ஸ்டீன் 6112, ஃபாக்ஸ், கிங் என்று ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகும். பாலைவனப் பாதையில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அது செல்லும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு ஆடம்பரம். ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்: மின்சாரத்தில் இறுக்கம் மாறும் ஷாக்கோ ஏர் சஸ்பென்ஷனோ உள்ள வண்டிக்கு இந்த மூன்றும் நேரடியாகப் பொருந்தாது.

கனரக வண்டிகளில் கதை மாறும். சில்வராடோ 2500இல் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கு தாங்கும் டார்ஷன் பார். அதன் கீயை மாற்றினால் உயரம் வரும். ஆனால் பேராசைப்பட்டு முறுக்கினால் சவாரி கட்டையாகிவிடும். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 4x4இல் காயில் ஸ்பிரிங்கோடு கூடிய ஒரே துண்டான ஆக்சில். ஸ்பேசர் வைப்பது சுலபம், ஆனால் ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்கே பிணைக்கும் ட்ராக் பாரின் நீளம் மாறாததால் ஆக்சில் முழுவதும் ஒரு பக்கம் நகரும். நீளம் மாற்றத்தக்க ட்ராக் பாரையும் சேர்த்து வாங்கவில்லையென்றால் வேலை அரைகுறைதான்.

எந்த வழியாக இருந்தாலும் உயர்த்தியதும் காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வுக் கோணம், குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் ஹைவேயில் வண்டி அலையும். அலைன்மென்ட் செலவைக் கிட்டின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இரண்டரை அங்குலத்துக்குப் பக்கத்தில் போனால் கம்பெனி அப்பர் ஆர்மில் அந்தக் கோணத்தைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். வேறு ஆர்ம் போட வேண்டியிருக்கும். சில்வராடோ ட்ரெயில் பாஸ் போன்றவை கம்பெனியிலிருந்தே 2 அங்குலம் உயர்த்தி வருகின்றன. அதன்மேல் இன்னொரு 2 அங்குல கிட் போடுகிறவர் இந்த எல்லையை வாங்கிய அன்றே தாண்டிவிடுகிறார்.

மெக்கானிக் வேலை செய்யும்போது ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். லோயர் ஆர்மின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை.

ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு வேறு யோசனை. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும். மட்டமாக்கிய வண்டியில் அந்த எடை ஏறியதும் பின்பக்கம் படுத்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முழு 2 அங்குலம் வேண்டாம், ஒன்றே கால் போதும் என்பேன். கொஞ்சம் குனிவு மிஞ்சட்டும். அல்லது பின்னால் காற்றுப் பை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நிமிர்ந்து பின்பக்கம் தாழ்ந்த கோலத்தையே ஸ்டைல் என்று சிலர் வேண்டுமென்றே செய்யப்போய், வட கரோலினா அரசு முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2021 டிசம்பரிலிருந்து சட்டமே போட்டுவிட்டது.

வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளியே வாங்கிய பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்டாமல் மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. ஆனால் கிட் போட்ட வண்டியில் சிவி ஜாயின்ட் போனால் அதைக் காட்டுவது டீலருக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

வேலை முடிந்த அன்று மாலையே சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டை இறக்கி வையுங்கள். முன் கேமராவும் ரேடாரும் உள்ள வண்டியானால் அவற்றின் கேலிப்ரேஷனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சில நூறு மைல் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, லைனரில் புதிதாகப் பளபளக்கும் தடம் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.