பெருங்காயம்: டப்பாவுக்குள் இருப்பது என்ன?

சென்ற தைப்பொங்கலன்று நமது ஆலயத்தில் அன்னதானம் பரிமாறும் பணியில் நாம் நின்றிருந்தோம். ஒரு தாயார் தம் மகனுடன் வந்து, "அண்ணை, சாம்பாரிலே கோதுமை சேர்ந்திருக்கோ? தம்பிக்குச் சீலியாக் நோய், கோதுமை கூடாது" என்று கேட்டார். பருப்பு, புளி, மரக்கறி, இவைதானே என்ற எண்ணத்தில், "ஒன்றும் இல்லைத் தங்கச்சி, பயப்படாமல் குடுங்கோ" என்றோம். அன்றிரவே பிள்ளைக்குக் கடும் வயிற்றுவலி.

மறுநாள் மடைப்பள்ளி அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தோம். பெருங்காயத் தூளின் சேர்க்கைப் பட்டியலில் கோதுமை மா இருந்தது. கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், பற்றுச்சீட்டைப் பாராமலே கணக்குச் சரி என்று கையெழுத்திட்டது போலாயிற்று. அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

பிறப்பிடம்

பெருங்காயம் நம் நாட்டுச் சரக்கு அன்று. ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா ஆகிய இடங்களின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஃபெரூலா என்னும் செடியின் பிசின் அது. கொத்தமல்லி, சீரகம், கரட் ஆகியவை இச்செடியின் உறவினங்கள். செடிக்கு நான்கைந்து வயதானதும் வேரின் தலைப்பகுதியைச் சீவிவிடுவார்கள். ஊறும் பால் காற்றுப்பட்டு இறுகும். அதைச் சுரண்டி எடுத்து, மீண்டும் சீவி, இப்படியே பல வாரங்கள் சேகரிப்பார்கள்.

உலகில் இதனை மிகுதியாக உண்பது இந்தியா. ஆயினும் ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆய்வு நிலையத்தார் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதற் கன்றை நட்டனர்.

டப்பாவுக்குள்

தூய பிசின் மிகக் காரமானது. அப்படியே சமையலில் இடுவது கடினம். ஆகையால் கருவேலம் பிசின் வகையும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்து விற்கிறார்கள். இதற்குக் கூட்டுப் பெருங்காயம் என்று பெயர். இதில் சாராயத்தில் கரையும் சத்து 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே இந்திய உணவு விதி. மீதியில் பெரும்பகுதி மாவும் பிசினுமே. இது கலப்படம் அன்று, சட்டப்படியான கலவை. "கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தம்" என்று நம்மவர் பலர் நினைப்பதும் சரியன்று. கட்டியிலும் கோதுமை மா இருப்பதுண்டு.

அமெரிக்காவில் 2006 ஜனவரி முதல், பொதியில் அடைத்த உணவில் கோதுமை சேர்ந்திருந்தால் அதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளில் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலும் பெருங்காயம் ஒளிந்திருக்கும் என்பதை மறவாதீர்கள்.

மடைப்பள்ளியில்

கோயிற் சமையலில் வெங்காயமும் உள்ளியும் சேர்ப்பதில்லை. அவற்றின் இடத்தைப் பெருங்காயமே நிரப்புகிறது. உள்ளியைப் போலவே இதன் மணத்துக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். பச்சையாக மூக்கைத் துளைக்கும் நெடி, சூடான நெய்யிலோ நல்லெண்ணெயிலோ பட்டதும் அடங்கி மணமாகிறது. கடுகு வெடித்த பின் ஒரு சிட்டிகை இட்டு, கருகுமுன் இறக்க வேண்டும். கட்டியாயின் வெந்நீரில் ஊறவைத்துக் கரைசலை ஊற்றலாம். புளியோதரை, ரசம், வடை, நீர்மோர் யாவற்றுக்கும் இதுவே முறை.

மருந்தாக

கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தும் ஐங்காயம் எனப்படும். பிள்ளை பெற்ற தாய்க்கு இவற்றைக் கொடுப்பது பழைய வழக்கம். சித்த வைத்தியத்தில் வாய்வுக்கும் மந்தத்துக்கும் வழங்கும் அட்ட சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்புடன் எட்டாவதாக நிற்பதும் பெருங்காயமே.

அமெரிக்கரும் இதை அறிந்தவர்களே. 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் பரவியபோது பலர் பெருங்காயத்தைச் சிறு பையில் கட்டிக் கழுத்தில் அணிந்தனர். அதனால் நோய் தடுக்கப்படவில்லை. ஆயினும் மதிய உணவுப் பெட்டியின் வாசனைக்காகப் பள்ளியில் கூசும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. குழந்தை வயிறு உப்பி அழுதால் அம்மம்மா பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார். அது வெளிப்பூச்சு. கைக்குழந்தைக்கு உள்ளே கொடுக்கவே கூடாது. அவ்வாறு கொடுக்கப்பட்ட சிசு ஒன்றின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் வலிமையை இழந்தது 1984-இல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் பதிவாகியுள்ளது. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போரும் சமையல் அளவோடு நிற்பதே நலம்.

நிற்க. வாழ்ந்து கெட்டவரைப் "பெருங்காயம் இருந்த டப்பா" என்பார்கள். பொருள் போனாலும் மணம் போகாது. ஊரையும் வீட்டையும் விட்டு ஒரு பையுடன் வந்திறங்கிய எம் போன்றோர்க்கு இப்பழமொழி ஏச்சாகத் தோன்றுவதில்லை. ஆனால் மணத்தை மட்டும் நம்பி, டப்பாவுக்குள் இருப்பதைப் பாராதிருந்தால் பிறர் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்பதையும் கற்றோம்.

இப்போது மடைப்பள்ளியில் அரிசி மா சேர்ந்த பெருங்காயமே வாங்குகிறோம். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் சேர்க்கைப் பட்டியல் எழுதி வைக்கிறோம். சித்திரை வருடப்பிறப்பன்று அதே பிள்ளை தட்டுடன் வந்தான். பட்டியலை அவனும் தாயாரும் படித்து முடிக்கும்வரை அகப்பையைக் கையில் பிடித்துக் காத்திருந்தோம்.

தமிழ் வகுப்பு மாணவர்க்கு

1. ஐங்காயம் எவை?
2. கோயிற் சமையலில் பெருங்காயம் எதற்குப் பதிலாக நிற்கிறது?
3. உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவின் சேர்க்கைப் பட்டியலைத் தமிழில் எழுதி வருக.