தாழ்ந்த மோட்டார் சைக்கிளும் மேடுபள்ளச் சாலையும்

சாலையில் விழும் குழியைக் கன்னடத்தில் ‘குண்டி’ என்பார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் இருக்க மாட்டார். ஆனால் தாழ்ந்த இருக்கை கொண்ட மோட்டார் சைக்கிளில் பெங்களூரைச் சுற்றுகிறவர்களுக்குச் சிரிப்பு வராது. சக்கரம் குழியில் இறங்கும்போது அடி எங்கே விழுகிறது என்பதை நம் தமிழ்ச் சொல்லே சொல்லிவிடும்.

என் இளைய மகன் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறான். ஐந்தடி மூன்று அங்குல உயரம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நெரிசலில் இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகவே ‘குரூசர்’ எனப்படும் தாழ்ந்த வண்டியை வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனான். வழியில் ஒரு ஹம்ப். வண்டிக்கு அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். வீடு திரும்பியதும் என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் படுக்கை.

“அப்பா, வண்டியை வித்துடலாமா?” என்று கேட்டான். அதற்கு முன்பே இருக்கைக்கு மூன்று அங்குல ஸ்பாஞ்ச் போட ஒரு கடையில் விலையும் கேட்டு வைத்திருந்தான். “விற்பதும் ஸ்பாஞ்ச் போடுவதும் அப்புறம். முதலில் அளந்து பார்ப்போம்” என்றேன். அந்த வாரம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையே, நம் சங்கக் குடும்பங்களில் இத்தகைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

ரயில் பெட்டி கற்றுத் தந்த பாடம்

நான் ரயில் பெட்டிகள் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பைக் கொண்டு பெட்டிகள் செய்யத் தொடங்கியது. நாம் பல ஆண்டுகள் ஊருக்குப் போய்வந்த பெட்டிகள் அவையே. அவற்றில் சக்கர அச்சின் மேல் ஒரு வரிசை ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்குள் எண்ணெய் நிரம்பிய உருளை, அதற்கு மேல் இன்னொரு வரிசை ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் மேலே பெட்டி, பெட்டிக்குள் நம் இருக்கை. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். எண்ணெய் ஆட்டத்தை அடக்கும். எண்ணெய் ஒழுகிப்போன பெட்டி குதிரை போலத் துள்ளும்.

பெட்டி துள்ளுகிறது என்று புகார் வந்தால் நாங்கள் இருக்கையைத் தொட மாட்டோம். சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே வருவோம். மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே முறை: டயர், ஸ்பிரிங், எண்ணெய், இருக்கை என்று கீழிருந்து மேலே போக வேண்டும்.

தாழ்ந்த வண்டிக்கு என்ன குறை?

பஜாஜ் அவெஞ்சர் 2005இலும், ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 2020இலும் வந்தன. மீட்டியாரின் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர்; அவெஞ்சர் அதைவிடவும் தாழ்வு. சாதாரண வண்டிகளில் இது 800 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இந்தச் சில சென்டிமீட்டரை மிச்சம் பிடிப்பதற்கு மூன்று விதத்தில் விலை கொடுக்கிறோம்.

முதலாவது, இருக்கை தாழ்ந்தால் பின்சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் குறைகிறது. இரண்டாவது, குரூசரில் நாம் பின்சக்கரத்துக்கு மிக அருகில் உட்கார்கிறோம். ரயிலில் அனுபவசாலிகள் பெட்டியின் நடுவில் இடம் கேட்பார்கள். சக்கரத்துக்கு மேல் உள்ள ஓர இருக்கையில் ஆட்டம் அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். குரூசரில் நமக்குக் கிடைப்பது அந்த ஓர இருக்கைதான். மூன்றாவது, கால்களை முன்னால் நீட்டி உட்காருவதால், பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் ஊன்றிச் சற்றே எழுந்துகொள்ள முடியாது. முழங்கால் தாங்க வேண்டிய அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது.

எனவே நம் கையில் இருப்பது சில சென்டிமீட்டர் இடம் மட்டுமே. அதை வீணாக்காமல் காப்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

முதல் படி: டயர் காற்று

மகனின் வண்டியில் பின்சக்கரத்துக்கு 32 என்று ஸ்டிக்கர் சொன்னது. அளந்தால் 40 இருந்தது. காற்று அடிப்பவர் எல்லா வண்டிக்கும் ஒரே கணக்காக அடித்துவிட்டிருந்தார். அளவுக்கு மேல் காற்று ஏறிய டயர் கல்லுக்குச் சமம். அதற்காக ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே குறைத்துவிடவும் கூடாது. குழியில் ரிம் வளையும், டயர் சூடேறும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில், வாரம் ஒருமுறை பாருங்கள். தனியாகப் போவதற்கும் இருவர் போவதற்கும் அளவு வேறாக இருந்தால் கையேட்டில் குறித்திருப்பார்கள்.

இரண்டாம் படி: ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது?

இதற்கு ஒரு டேப்பும் மூன்று பேரும் போதும். இருவர் பின்பக்கக் கம்பியைப் பிடித்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை தூக்க வேண்டும். மூன்றாமவர் சக்கர அச்சிலிருந்து நேர் மேலே இருக்கைக்குக் கீழ் ஒரு குறி போட்டு, இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, ஓட்டுபவர் உட்கார, அதே தூரத்தை மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அமுங்கும் அளவு. சக்கரம் போய்வரக்கூடிய மொத்தத் தூரத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருப்பது நல்லது.

மகனின் வண்டியில் மொத்தத் தூரம் 90 மில்லிமீட்டர். அவன் தனியாக உட்கார்ந்தபோது 42 அமுங்கியது. என் மனைவியின் எடைக்கு ஈடாக அண்டை வீட்டுப் பையனைப் பின்னால் உட்காரவைத்தேன், 70 அமுங்கியது. மிச்சம் இருந்தது 20 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம்கூட இல்லை. ஹம்ப் ஏறினால் இரும்போடு இரும்பு மோதாமல் என்ன செய்யும்? ‘டங்’ என்ற சத்தத்தின் காரணம் புரிந்தது.

பின்பக்க ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று உண்டு. வண்டியோடு கொடுக்கும் கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். இதைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸ்பிரிங்கின் பலம் மாறுவதில்லை. வண்டியின் பின்பகுதி சற்று உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்த உயரமே நமக்குத் தேவையான இடம். எங்கள் வண்டியில் ஒவ்வொரு படிக்கும் 5 மில்லிமீட்டர் கிடைத்தது. முதல் படியில் இருந்ததை மூன்றாம் படிக்கு மாற்றினோம். தனியாக உட்கார்ந்தால் 32 ஆனது. இருவருக்கு ஐந்தாம் படி வைத்தோம், 50 ஆனது. மிச்சம் 20 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. காசு செலவில்லை.

இடதும் வலதும் ஒரே படியில் இருக்க வேண்டும். தனியாகப் போகும் நாளில் ஐந்தாம் படியிலேயே விட்டுவிட்டால் வண்டி தூக்கிப் போடும். நானே முதலில் அப்படி விட்டுவிட்டு மகனிடம் பேச்சு வாங்கினேன்.

மூன்றாம் படி: எண்ணெய்

வண்டியின் பின்பகுதியைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரில் உயிர் இல்லை. வெளியே எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலும் அதே பொருள். மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

முன்பக்க ஃபோர்க்கிலும் எண்ணெய் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் அளவில், இரண்டு குழாயிலும் சமமாக ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் மெத்தென்று இருக்கும் என்பது தவறு. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து இன்னும் விறைப்பாகும்.

நீளம் அதிகமான ஷாக் அப்சார்பரை வாங்கிப் போட்டு வண்டியை உயர்த்துவோரும் உண்டு. செயின் போகும் கோணம், சைடு ஸ்டாண்டின் சாய்வு, திருப்பத்தில் வண்டியின் நடத்தை எல்லாம் மாறிவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தேவையில்லாத வம்பு.

நான்காம் படி: இருக்கை

இருக்கையின் முறை இப்போதுதான் வருகிறது. பஞ்சு போன்ற தடித்த ஸ்பாஞ்ச் கடையில் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். அரை மணி நேரத்தில் அடிப்பலகை தட்டும். கெட்டியான ஃபோம் மெல்லியதாக இருந்தாலும் அதுவே மேல். பின்னால் உட்காருபவருக்குச் சிறிய முதுகுச் சாய்வு ஒன்று பொருத்தினால் பிடிமானம் கிடைக்கும். அதற்காகக் கூனிச் சாய்ந்து உட்காரக் கூடாது. வளைந்த முதுகில் விழும் அடி, நிமிர்ந்த முதுகில் விழுவதைவிட மோசம்.

கடைசியாக, கையும் காலும்

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் ஓர் அளவு வகுத்தது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. கணக்குப் போட்டால், 25இல் போகும்போது மேட்டின் உச்சியில் நம் எடையில் சுமார் 30 சதவீதம் குறைந்தது போலிருக்கும். 40இல் போனால் முக்கால் பங்கு குறையும். 46ஐத் தாண்டினால் சக்கரம் தரையை விட்டே எழும்பும். அப்படி எழும்பியது திரும்ப விழத்தானே வேண்டும்? இது அளவாகக் கட்டிய மேட்டின் கணக்கு. நம் தெருக்களில் பனைமரத்தைக் குறுக்கே போட்டாற்போன்ற குறுகிய ஹம்புகளே அதிகம். அவற்றுக்கு 10 கிலோமீட்டரே அதிகம்.

பிரேக்கை மேட்டுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன்பக்க ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும்; மிச்சமிருக்கும் இடத்தை நாமே தின்றுவிட்டோம் என்று பொருள். சக்கரம் மேட்டைத் தொடும்போது பிரேக் விட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. “அம்மா, ஹம்ப்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஃபுட்ரெஸ்டை அழுத்தி உடம்பைச் சற்று இலகுவாக்கிக் கொள்வார். எதிர்பாராமல் விழும் அடியே இடுப்பைப் பிடிக்கும்.

வண்டியை விற்கவில்லை. மருத்துவர் ஒப்புதல் கொடுத்த பிறகு, இரண்டு மாதம் கழித்து என் மனைவி அதே வண்டியில் அதே கோயிலுக்குப் போய்வந்தார். நீண்ட தூரத்துக்கு இன்றும் பஸ்தான், மெட்ரோதான். தேய்ந்த இடுப்புக்கு எந்த ஸ்பிரிங்கும் மருந்தல்ல. எப்படி இருந்தது என்று கேட்டேன். “வண்டி பரவாயில்லை. ஆனா இவன் இப்போதான் ஓட்டக் கத்துக்கிட்டான்” என்றார்.

வாசக அன்பர்களே, இந்த ஞாயிறு உங்கள் வீட்டு வண்டியையும் ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். குழிகளை மூடுவது மாநகராட்சியின் வேலை. அதுவரை நம் முதுகைக் காப்பது நம் வேலை.