விமான விளையாட்டுக்கு எந்தப் பிராசஸர்?

வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட ஆசைப்பட்டால், கடைக்காரர் முதலில் 16 கோர் பிராசஸரைத்தான் காட்டுவார். பணத்தை எண்ணித் தருமுன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் முக்கியக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே கோரில் வரிசையாக நடக்கின்றன. ரயில்வேயில் இருந்தவன் நான். ஒற்றைப் பாதையில் வண்டி தேங்கும்போது, யார்டில் தண்டவாளங்களைக் கூட்டிப் பயனில்லை.

அடுத்தது கேஷ். இது பிராசஸருக்குள்ளேயே உள்ள சிறு கிடங்கு. உதிரிப்பாகம் ஷெட்டிலேயே இருந்தால் வேலை உடனே நடக்கும்; தலைமைக் கிடங்கிலிருந்து வரவேண்டுமானால் ஃபிட்டர் காத்து நிற்பார். ஏஎம்டி ரைசன் 7 வரிசையில் 5800எக்ஸ் (2020), 5800எக்ஸ்3டி (2022) இரண்டுக்கும் 8 கோர்களே. முன்னதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 4.5தான். ஆனால் எல்3 கேஷ் முன்னதில் 32 மெகாபைட், பின்னதில் 96. விமான விளையாட்டில் முந்துவது பின்னதே.

வாங்குமுன் ஒரு சோதனை: விளையாட்டில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். படத்தின் வேகம் கூடாவிட்டால் தடை பெரும்பாலும் பிராசஸரில். கூடினால் கிராஃபிக்ஸ் கார்டில். தடை எங்கோ, செலவும் அங்கே மட்டும் இருக்கட்டும். புதிய பிராசஸர் பழைய போர்டில் பொருந்துமா என்றும் மறவாமல் கேளுங்கள்.