அப்பர் சுவாமிகள் காட்டிய வயல்

திருநாவுக்கரசு நாயனார் நான்காந் திருமுறையில் அருளிய தேவாரம் ஒன்று, சிவகதி அடையும் நெறியை ஒரு வயலாகவே காட்டுகின்றது. அங்கே உண்மை உழவாகின்றது, விருப்பம் விதையாகின்றது, பொய் களையாகின்றது, பொறுமை நீராகின்றது, நற்பண்பு வேலியாகின்றது. விளைவோ சிவகதி.

‘பொய் களை போன்றது’ என்றால் அது உவமை. ‘பொய்யாகிய களை’ என இரண்டையும் ஒன்றாக்கிக் கூறினால் அது உருவகம். ஒப்புமையானது வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்பது தொல்காப்பிய உவமவியலின் கருத்தாகும். பிற்காலத்துத் தண்டியலங்காரம் உருவகத்தைத் தனி அணியாகவே வகுத்தது. பொறுமைக்கும் நீருக்கும் வடிவிலே ஒற்றுமை இல்லை, பயனிலே உண்டு. நீரின்றேல் நல்ல விதையும் கருகும். பொறுமையின்றேல் நல்ல விருப்பமும் வாடும்.

‘பொய்யை நீக்குக’ என்று மட்டும் கூறினால் அது வெறும் கட்டளையாக நின்றுவிடும். களை என்றதும் கேட்பவர் தமது வயலை நினைக்கின்றார். களை விதைக்காமலே முளைக்கும். இளம்பருவத்தில் நெற்பயிர் போலவே தோன்றும். பயிருக்கு இட்ட பசளையைத் தானே உண்ணும். வேரோடு பிடுங்காவிடின் மீண்டும் தழைக்கும். இவை யாவும் பொய்க்கும் பொருந்துவன அல்லவா? பாடலில் சொல்லப்படாத இப்பொருளைக் கேட்பவரின் அனுபவமே நிரப்புகின்றது. உருவகத்தின் ஆற்றல் இதுவேயாம். உழவாரப் படை ஏந்தி ஆலய வீதிகளிலே புல் செதுக்கிய சுவாமிகளுக்குக் களையின் இயல்பைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

ஆயின், வயலை அறியாதவருக்கு இவ்வுருவகம் எவ்வாறு விளங்கும்? குளத்தினாற் பெயர்பெற்ற கனகராயன்குளத்திலும் இவ்வினா எழவே செய்கின்றது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வினால் வன்னி வயல்கள் தரிசாய்க் கிடக்க, பிள்ளைகள் பலர் முகாம்களிலே வளர்ந்தனர். இன்றோ உழவு இயந்திரம் உழுகின்றது; களைநாசினி களையைக் கருக்குகின்றது. களை பிடுங்கிக் கை காய்த்த அப்பாச்சிக்கு அத்தேவாரம் உரையின்றியே விளங்கும். பேரப்பிள்ளைக்கோ அது மனனஞ் செய்த சொற்களாகவே நின்றுவிடும்.

ஆகவே, அறநெறி வகுப்பில் இத்தேவாரத்தைப் படிப்பிக்கும்போது, காலபோகத்தில் ஒருநாள் பிள்ளைகளை வயல் வரம்புக்குக் கூட்டிச்சென்று, பயிர் எது களை எது எனப் பெரியோர் காட்டி, ஒரு பிடி களையைப் பிடுங்கச் செய்தல் நன்று. பயிரையும் களையையும் பிரித்தறிந்த பிள்ளைக்கு, மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் பொருள் தானே புலனாகும்.

அவ்வறிவு எம் பிள்ளைகளின் உள்ளத்தில் வேரூன்றத் திருவருள் துணை நிற்பதாக.